கண்ணாடித் தட்டைத் தாமே பார்க்கும் வைத்தியர்: வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் கிளினிக்

காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், பாமசியொன்றின் மேல்மாடியில் இயங்கும் இந்தப் பெண்கள் கிளினிக்கை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். வெள்ளைபடுதலென்று போகும் ஒருவரிடமிருந்து எடுத்த சுரப்பை, அது காய்ந்துபோவதற்கு முன், அதே அறையில் வைத்தியர் தாமே நுணுக்குக்காட்டியில் பார்க்கிறாரா என்பதே அந்தக் கேள்வி. இங்கே பார்க்கிறார். நான் எட்டு மாதங்களாக ஏறி இறங்கிய மற்ற இடங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. கிளினிக்கின் பெயரை எழுதாமல் விடுகிறேன். கீழே குறையாகச் சொல்லப்போகிறவையும் அதே இடத்தைப் பற்றியவை என்பது ஒரு காரணம், என் உடம்பைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதும்போது அங்குள்ளவர்கள் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது இன்னொன்று.

எனக்கு 46 வயது. மஞ்சள் கலந்த வெள்ளைபடுதலும், சிறுநீர் பட்டால் சுள்ளென்று எரியும் எரிவும் மாசி மாதத்தில் தொடங்கின. அம்மா அதை உடம்புச் சூடு என்று முடிவு செய்து, செவ்விளநீரும் ஊறவைத்த வெந்தயமும் தந்தார். அவற்றால் கெடுதலொன்றும் வரவில்லை. பாமசியில் ‘வெள்ளைபடுதல்’ என்ற சொல்லை நான் தாழ்ந்த குரலில் சொல்லி முடிப்பதற்குள் 150 மில்லிகிராம் புளூக்கோனசோல் என்ற பங்கசுக் குளிசையொன்று உறைக்குள் போடப்பட்டுக் கைக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் குளிசைகள் ஆறு. இதில் நான் தனியாள் இல்லை. தமக்கு இருப்பது பங்கசுத் தொற்றுத்தான் என்று தாமே தீர்மானித்துக் கடையில் மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்து 2002 இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே உண்மையில் பங்கசு மட்டும் இருந்தது.

அடுத்துச் சென்ற குடும்ப வைத்தியர், திரைக்குப் பின்னால் என்னைப் படுக்கச் சொல்லாமலே, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி ஒரு வாரத்துக்கு மெட்ரோனிடசோல் எழுதினார். பங்கசு இல்லையென்றால், யோனியில் ஒட்சிசன் வேண்டாப் பற்றீரியாக்கள் பெருகும் பற்றீரியல் வஜினோசிஸ் என்பது பலருக்கும் பழகிப்போன இரண்டாவது ஊகம். அது பிழையான நோயொன்றன்று. மிகப் பரவலாகக் காணப்படுவதுதான். ஆனால் அந்த நோயில் சுரப்பு மெல்லியதாக, சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும், மீன்வெடில் அடிக்கும், பொதுவாக எரிவோ சிவப்போ பெரிதாக இருக்காது. எனக்கு எரிவு இருந்தது, வெடில் இருக்கவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. மெட்ரோனிடசோல் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்து. என் விடயத்தில் குற்றவாளி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே அல்ல என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

மூன்றாவதாக, நானே ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சுவாப் கொடுத்தேன். மூன்று நாட்களில் வந்த அறிக்கையில், ஈ.கோலை பற்றீரியா மிகுதியாக வளர்ந்துள்ளது என்றும், எந்தெந்த நுண்ணுயிர்க்கொல்லிக்கு அது கட்டுப்படும் என்றும் இரண்டு நிரலில் அச்சடித்திருந்தார்கள். அறிக்கையைப் பார்த்த வேறொரு வைத்தியர் அதிலிருந்த முதலாவது மருந்தை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சுகம். பதினோராம் நாள் அரிப்பு. நுண்ணுயிர்க்கொல்லி குடித்தபின் பங்கசு தலைதூக்குவது வழக்கம் என்பதால், எட்டு மாதத்தில் முதன்முறையாக அந்தப் பாமசிக் குளிசைக்கு உரிய நோயே எனக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

இந்த நிலையில்தான் மேல்மாடிக் கிளினிக்குக்குச் சனல் செய்தேன். நல்ல சேவை என்ற எண்ணம் முதலில் தொலைபேசியில் ஏற்பட்டது. வருவதற்கு இரண்டு நாள் முன்னர் அழைத்த தாதி, மாதவிடாய் நாளாக இருந்தால் திகதியை மாற்றும்படியும், இரண்டு நாளைக்கு உள்ளே பூச்சோ குளிசையோ வைக்கவேண்டாம், உடலுறவு வேண்டாம், உள்ளே கழுவவும் வேண்டாம் என்றும் சுற்றி வளைக்காமல் தமிழில் சொன்னார். இரத்தமும் விந்தும் அமிலத்தைக் குறைத்து, அதை அளக்கும் pH எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதே காரணம். முன்பு சுவாப் எடுத்த ஆய்வுகூடத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

பரிசோதனை அறை சிறியது. திரை முழுதாக மூடுகிறது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, தாதி முழு நேரமும் உடனிருக்கிறார். வைத்தியர், உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெந்நீரில் நனைத்துப் பயன்படுத்தினார். சுரப்பை அடியில் தேங்கியிருக்கும் இடத்திலிருந்தோ கருப்பைக் கழுத்திலிருந்தோ எடுக்காமல், பக்கச் சுவரின் மேற்பகுதியிலிருந்து எடுத்தார். கருப்பைக் கழுத்துச் சளி அமிலத்தன்மை குறைந்தது, அது கலந்தால் அளவு பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். பிறகு, நகத்தின் அகலமேயுள்ள தாள்துண்டொன்றில் சுவாப்பை அழுத்தினார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத்தாளின் உறவுக்காரத் தாள்தான் அது. மஞ்சளாக நிற்கவேண்டிய தாள் என் கண்முன்னே பச்சைக்கு மாறி, ஓரத்தில் கருமை தட்டியது. பெட்டியிலிருந்த நிற அட்டையுடன் அதை ஒட்டிப் பிடித்துக் காட்டினார்: pH ஏறத்தாழ 6. எண் கூடக் கூட அமிலம் குறைவு. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இது 3.8 இலிருந்து 4.5 வரைக்குள் இருக்கவேண்டும். பங்கசுத் தொற்றில் இந்த அளவு பெரும்பாலும் மாறுவதேயில்லை. ஆகவே நான் விழுங்கிய முதலாவது குளிசைக்கு முன் யாராவது இந்தத் தாளைத் தொட்டிருந்தால், அந்தக் குளிசை உறைக்குள்ளேயே இருந்திருக்கும்.

அடுத்து, கண்ணாடித் தட்டில் இரண்டு துளி. ஒன்றில் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டு முகர்ந்து பார்த்தார். மீன்வெடில் வரவில்லை, பற்றீரியல் வஜினோசிஸுக்கு 1983 இல் அம்செல் குழுவினர் வகுத்த நான்கு அடையாளங்களில் ஒன்று அது. மற்றத் துளி உப்புநீரில் கலக்கப்பட்டு, மூடுதட்டு வைக்கப்பட்டு, சுவரோரத்திலிருந்த நுணுக்குக்காட்டிக்குப் போனது. 400 மடங்கு பெருக்கத்தில் அவர் பார்த்ததைப் பக்கத்துச் சிறு திரையில் நானும் பார்த்தேன். உடையை ஒழுங்காக்கிக்கொண்டு வந்து உட்காரும் வரை காத்திருந்தே திரையைத் திருப்பினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

திரையில் என்ன இருந்தது என்பதை விளக்காவிட்டால் இந்த மதிப்பீட்டுக்குப் பொருளில்லை. நலமான நிலையில், அகன்ற தட்டையான மேலணிக் கலங்களும், அவற்றுக்கிடையே குச்சிபோன்ற லக்டோபசிலஸ் பற்றீரியாக்களும் தெரியவேண்டும். அந்த இடத்தை அமிலமாக வைத்திருந்து காவல் காப்பவை அந்தக் குச்சிகளே. என் தட்டில் குச்சிகளைத் தேடவேண்டியிருந்தது. பதிலுக்கு வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருந்தன. அவற்றுள் சில ஊதி, உள்ளே மணல் கொட்டியதுபோல் இருந்தன. ஆங்காங்கே சிறிய வட்டக் கலங்கள், நடுவில் பெரிய கருவுடன், முட்டை அப்பத்தை மேலிருந்து பார்த்ததுபோல் தெரிந்தன. இவை மேலணியின் அடிப்பகுதியில் இருக்கவேண்டிய கலங்கள். மேற்படை அழற்சியால் உரிந்துபோவதாலோ, ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்துபோவதாலோ மேலே வந்துவிடுகின்றன. அதனால்தான் என் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இரவில் வியர்க்கிறதா என்று முன்னரே கேட்டிருந்தார்.

இந்த நிலைக்கு ஏரோபிக் வஜினைட்டிஸ் என்று பெயர். பெல்ஜிய வைத்தியர் டொன்டர்ஸும் அவருடைய குழுவினரும் 2002 இல் இதைத் தனியொரு நிலையாக வரையறுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் புள்ளியிடும் முறையையும் வகுத்தார்கள். லக்டோபசிலஸ் எவ்வளவு, வெண்குருதிக் கலங்கள் எவ்வளவு, அவற்றில் மணல் கொட்டியவை எத்தனை பங்கு, பின்னணியில் எந்த வடிவப் பற்றீரியா, அந்த முட்டை அப்பக் கலங்கள் எத்தனை வீதம் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10. மூன்றுக்குக் கீழ் என்றால் இந்த நோய் இல்லை, 3 அல்லது 4 இலேசு, 5 அல்லது 6 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 6. இதில் பெருகுபவை ஈ.கோலை, பீ வகை ஸ்ரெப்டோகொக்கஸ், ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ், என்ரரோகொக்கஸ் போன்றவை. பெரும்பாலும் குடலிலிருந்தோ தோலிலிருந்தோ வந்து சேர்பவை. பற்றீரியல் வஜினோசிஸில் பெருகும் கூட்டத்தைப்போல் ஒட்சிசனுக்கு அஞ்சுபவை அல்ல.

நான் பையிலிருந்து பழைய ஆய்வுகூட அறிக்கையை எடுத்து, “அப்படியென்றால் ஈ.கோலை என்று இவர்கள் சொன்னது சரிதானே, டொக்டர்?” என்று கேட்டேன்.

“ஈ.கோலை இருக்கிறது என்பது சரி. அது உங்களோடு சண்டை பிடிக்கிறதா என்று அந்தக் கடதாசிக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது பார்த்தோம்” என்றார்.

என் மதிப்பீட்டின் அச்சாணி இந்தப் பதிலில் இருக்கிறது. வளர்ப்புப் பரிசோதனை அறிக்கை என்பது கிராம சேவையாளரிடம் இருக்கும் குடியிருப்பாளர் பட்டியலைப் போன்றது; வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அது ஒழுங்காகச் சொல்லும், களவெடுத்தவர் யார் என்று சொல்லாது. ஈ.கோலையும் பீ வகை ஸ்ரெப்டோகொக்கஸும் எந்த முறைப்பாடும் இல்லாத பெண்களிடமும் இருப்பவை. பற்றீரியல் வஜினோசிஸோடு சேர்த்துப் பேசப்படும் கார்ட்னெரெல்லாவும் அப்படியே. அதை வளர்த்துக் காட்டுவதால் நோய் நிரூபணமாகிவிடாது. வெண்குருதிக் கலங்கள் திரண்டிருக்கின்றனவா, காவற்காரக் குச்சிகள் போய்விட்டனவா என்று கண்ணாடித் தட்டு சொன்ன பிறகே பட்டியலிலுள்ள பெயருக்கு அர்த்தம் வருகிறது. இதற்கு விதிவிலக்கும் உண்டு. கர்ப்பிணியிடம் பீ வகை ஸ்ரெப்டோகொக்கஸ் காணப்பட்டால், அவருக்கு முறைப்பாடு இல்லாவிட்டாலும் அந்தத் தகவல் பெறுமதியானது; பிரசவ வலி தொடங்கும்போது பெனிசிலின் ஏற்றிக் குழந்தையைக் காக்கலாம். கர்ப்பமா என்பது இங்கே பதிவுப் படிவத்தின் முதற்கேள்வி.

எனக்கு உள்ளே இடும் கிளிண்டமைசின் பூச்சு எழுதித் தரப்பட்டது. அழற்சி கடுமையானவர்களுக்கு ஸ்டீரொயிட் பூச்சும், அடிக்கலங்கள் ஈஸ்ட்ரோஜன் குறைவால் மேலே வந்திருந்தால் அந்த ஓமோனைச் சிறு அளவில் உள்ளே வைப்பதும் உண்டு என்றார். எனக்குத் தேவைப்படுமா என்பதை அடுத்த தட்டைப் பார்த்தபின் தீர்மானிப்பதாகச் சொன்னார். அடுத்த தட்டில் புள்ளி 2. தேவைப்படவில்லை.

ஒரு தடவை சரியாக அமைந்ததை வைத்து ஒரு சேவையைப் புகழக்கூடாது என்பதால், என் பெரியம்மாவின் மகளையும் அங்கே அழைத்துச் சென்றேன். அவளுக்கு 28 வயது. மாதாமாதம் மாதவிடாய்க்கு முந்திய பத்து நாட்களில் அரிப்பும், தயிர்போன்ற வெள்ளைபடுதலும்; மாதவிடாய் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். பங்கசு மருந்து எத்தனையோ தடவை பயன்படுத்தியும் பயனில்லை. அவளுடைய தாள் மஞ்சள் நிறத்தை விட்டு அசையவேயில்லை. நுணுக்குக்காட்டியில் பங்கசு இழையோ அரும்போ இல்லை. லக்டோபசிலஸ் குச்சிகள் நெருக்கமாக மண்டிக் கிடந்தன, மேலணிக் கலங்கள் கிழிந்து, வெறும் கருக்கள் தனித்தனியாக மிதந்தன. காவற்காரரே அளவுக்கு மிஞ்சிப் பெருகி வீட்டுச் சுவரை இடிக்கும் இந்த நிலையைச் சைட்டோலிட்டிக் வஜினோசிஸ் என்கிறார்கள். 1991 இல் இந்தப் பெயரில் விவரிக்கப்பட்ட இது, அறிகுறியில் பங்கசுத் தொற்றை அப்படியே ஒத்திருப்பதால் வருடக்கணக்காகப் பங்கசு மருந்தே கொடுக்கப்படுவது அபூர்வமல்ல. வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ‘வழமையான பற்றீரியாக்கள்’ என்றுதான் வந்திருக்கும். சொல்லப்போனால் அதுவும் பொய்யில்லை. அவளுக்குக் கிடைத்த மருந்து, அமிலத்தைக் குறைப்பதற்காக அப்பச்சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் இடுப்பு நனைய உட்காருவது. இந்தச் செய்தி குடும்பத்தில் பரவி எல்லாருக்கும் அப்பச்சோடா என்று ஆகிவிடாதிருக்க, வைத்தியர் என் பக்கம் திரும்பி, என்னைப்போல் ஏற்கெனவே அமிலம் இழந்தவர்களுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் என்று சொல்லிவைத்தார். ஒரே வாரத்தில் இரண்டு பேர், ஒரே முறைப்பாடு, எதிரெதிரான வைத்தியம். இரண்டையும் பிரித்தது மலிவான ஒரு தாள்துண்டும் பத்து நிமிடப் பார்வையும்.

இனிக் குறைகள். வரவேற்பு மேசையில் வந்த நோக்கத்தைக் கேட்கும் விதம் பொறுக்க முடியாதது. பத்துப் பேர் காத்திருக்கும் கூடத்தில், கண்ணாடித் துளையினூடாக, “என்ன பிரச்சினை, டிஸ்சார்ஜா?” என்று உரத்துக் கேட்கிறார்கள். உள்ளே அவ்வளவு மரியாதையாக நடக்கும் இடத்தில் வெளியே இப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் போதும். சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தாதி வரி வரியாகத் தமிழில் சொன்னார், ஆனால் நான் கையொப்பமிட்டது என்னால் முழுதாக வாசிக்க முடியாத தாளில். 5.30 என்று தந்த இலக்கத்துக்கு 7.40க்கு அழைத்தார்கள். நுணுக்குக்காட்டியில் கண்ட புள்ளிகள் அறிக்கையில் இல்லை, முடிவு மட்டுமே இருந்தது. கேட்டபின் கையால் எழுதித் தந்தார். வேறு வைத்தியரிடம் போகவேண்டி வந்தால் அந்த ஐந்து எண்கள்தான் உதவும் என்பதால், அவை கேட்காமலே தரப்பட வேண்டியவை.

பெரிய குறை, கிருமிகளின் மரபணுவைத் தேடும் பீசிஆர் பரிசோதனைத் தொகுப்பு. காசாளர், முழுமையாகப் பார்த்துவிடலாமே என்று பல கிருமிகளை ஒன்றாகத் தேடும் தொகுப்புப் பரிசோதனையொன்றை முன்வைக்கிறார். அதன் கட்டணம் மட்டும் மற்றவை எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். அதில் பெறுமதியான பகுதி இல்லாமலில்லை. 1983 இல் பெயரிடப்பட்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிற்றாலியம் என்ற பற்றீரியாவுக்குக் கலச்சுவர் கிடையாது; அதனால் பற்றீரியாக்களை நிறமூட்டிப் பார்க்கும் கிராம் சாயம் அதில் பிடிப்பதில்லை, பெனிசிலின் குடும்ப மருந்துகள் அதற்கு உறைப்பதில்லை, வளர்ப்பில் வாரக்கணக்காகியும் எளிதில் வளராது. கருப்பைக் கழுத்தில் அழற்சியோ, உறவின்பின் இரத்தக் கசிவோ, துணைவருக்குச் சிறுநீர் எரிவோ இருந்தால் அதைத் தேடப் பீசிஆர்தான் வழி. ஆனால் அதே தொகுப்பில் யூரியாபிளாஸ்மாவும் மைக்கோபிளாஸ்மா ஹொமினிஸும் வருகின்றன. நலமான பெண்கள் பலரிடம் இருக்கும் இவற்றை வழமையாகத் தேடவும் வேண்டாம், கண்டால் உடனே மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்பதே ஐரோப்பிய பாலியல் நோய் வல்லுநர்களின் நிலைப்பாடு. கிராம சேவையாளர் பட்டியல் இன்னும் நீண்டு, விலையும் கூடியதுதான் மிச்சம். நான் வேண்டாம் என்றேன். உள்ளே கேட்டபோது வைத்தியரும் எனக்கு அது தேவையில்லை என்றார். அப்படியானால் அவரைப் பார்ப்பதற்கு முன்னரே அதை ஏன் விற்க முனைகிறார்கள் என்ற கேள்விக்கு வரவேற்பில் பதிலில்லை.

ஆலோசனைக் கட்டணம் கொழும்பில் தனியார் பெண்நோயியல் நிபுணர்கள் அறவிடும் வரிசையில்தான் இருக்கிறது. நுணுக்குக்காட்டிப் பார்வைக்கும் தாளுக்கும் பற்றுச்சீட்டில் தனி வரி, அது சிறிய தொகை. தனியார் கட்டணம் முடியாதவர்கள், கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குக்குக் கடிதமொன்றுமின்றி நேரே போகலாம். கட்டணமில்லை, விவரம் வெளியே போகாது. பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் நம்மவர்களில் அதிகம் என்பது எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

மேல்மாடிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வைத்தியர் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே வருகிறார் என்பதை. மற்ற நாட்களில் அதே கட்டணத்துக்குச் சுவாப்பை எடுத்துக் குழாயில் அடைத்து வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்; நுணுக்குக்காட்டி சுவரோரத்தில் உறை போர்த்தபடி இருக்கும். சனல் செய்யும்போதே எந்த நாள் என்று கேளுங்கள். முன்பு எடுத்த மருந்துகளின் உறைகளையும் கொண்டுபோங்கள். என் பையிலிருந்த ஐந்து உறைகளையும் அவர் திகதி வரிசைப்படி மேசையில் அடுக்கிய பிறகே பேசத் தொடங்கினார்.